ஸுலுவிலும் ஜெர்மனிலும் ஒரு மரணச் செய்தி

ஸுலு கடினமா, ஜெர்மன் கடினமா என்பதே மொழி கற்க விரும்புவோர் என்னிடம் முதற்கண் கேட்கும் வினா. விடையளிக்க எனக்குத் தகுதி உண்டு. ஸுலு என் தாய்மொழி. ஜெர்மனை, பேருந்து ஓட்டுவதை விட்டு முதியோர் இல்லத்தில் பணியாளனாகச் சேர்ந்தபின், ஐம்பத்தோராம் வயதில் கற்றேன். சான்றிதழ் என் வீட்டுச் சுவரில் உள்ளது. ஸுலுவில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் மூன்று வகைப்படும். ஜெர்மானியர் அவற்றில் இடறுவர். ஜெர்மனில் வினைச்சொல் சில வேளைகளில் வாக்கியத்தின் இறுதியில்தான் வரும். அதற்குள் எங்களவர் பொறுமை இழப்பர். இவை பயிற்சியால் நீங்கும் இடர்கள். பயிற்சியால் நீங்காத ஒன்றை ஹெல்கே அம்மையார் வழியாக அறிந்தேன்.

அவருடைய தந்தை எகான் வோல்கர்ஸ் எங்கள் இல்லத்தில் வாழ்ந்தவர்; எங்கள் ஸுலு நாட்டுக் குன்றுகளில் கரும்பு பயிரிட்ட ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மறதி நோய் அவரிடமிருந்து முதலில் ஆங்கிலத்தையும் பிறகு ஜெர்மனையும் எடுத்துக்கொண்டது. சிறுவயதில் மாடு மேய்த்த பிள்ளைகளோடு பழகிய ஸுலு மட்டுமே எஞ்சியது. ஹெல்கேயோ இரண்டு வயதில் தாயோடு ஜெர்மனி சென்றவர், ஸுலு அறியாதவர். ஆகவே ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்தபின் தொலைபேசியில் நான் அவருக்கு ஸுலு கற்பித்தேன். அவர் என் ஜெர்மனைத் திருத்தினார்.

"ஐயா, உண்மையச் சொல்லுங்க. என் நாக்கு தேறுமா?"

"தேறும்மா. இப்போதைக்கு குதிரைய விரட்டுற சத்தம்தான் வருது. உங்கப்பாவுக்குக் குதிரைன்னா பிடிக்கும், கவலைப்படாதீங்க."

அவர் சிரித்தார். பிறகு, "அவர் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, அவருக்குப் புரியிற மாதிரி பேசிடணும். வேற எதுவும் வேணாம்" என்றார். டிசம்பரில் வருவதற்குப் பயணச்சீட்டும் வாங்கியிருந்தார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சி பரிமாறும் நேரத்தில், வோல்கர்ஸ் இறந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே பேசுங்க, உங்களுக்குத்தான் அவங்க பாஷை தெரியும்" என்றார் மேற்பார்வையாளர்.

சமையற்காரி லுங்கிலே என்னை எப்போதும் குலப்பெயரால் அழைப்பவள். கையிலிருந்த அகப்பையோடு குறுக்கே வந்து நின்றாள். "ஷாண்டு, போன்லயா சொல்லப்போறே? அது அங்க தனியா இருக்கும். கீழ விழுந்தா யாரு புடிக்கிறது?"

"எனக்குத் தெரியாதா? நேத்தா பொறந்தேன் நான்?"

தொலைவில் தனித்திருப்பவருக்கு நாங்கள் மரணத்தை அறிவிப்பதில்லை. நோயுற்றிருக்கிறார், வா என்று மட்டுமே சொல்வோம். வந்தவரை அமரவைத்து, தண்ணீர் கொடுத்து, துணைக்கு ஒருவரை அருகில் இருத்தியபின் மெல்லச் சொல்வோம். அந்த 'வா'விலேயே எங்களவர் பாதியை அறிந்துகொள்வர். மீதியை வழியெல்லாம் சுமந்து பழகிவிடுவர்.

எனவே, பிழையற்ற ஜெர்மனில் சொன்னேன்: "அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியல. உடனே கிளம்பி வாங்கம்மா."

"வர்றேன் ஐயா. நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க."

நான் தொலைபேசியை வைத்தேன்.

வியாழக்கிழமை நண்பகலில், மார்போடு ஒரு குறிப்பேட்டை அணைத்தவாறு அவர் வந்தார். வரவேற்பறையில் நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, லுங்கிலேயையும் அருகில் நிறுத்தியிருந்தேன்.

"எந்த ரூம்?"

"உட்காருங்கம்மா. பயணம் சௌகரியமா இருந்துச்சா? இங்க நாலு நாளா நல்ல மழை..."

"ஐயா, அப்பா எங்க?"

லுங்கிலே இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்தினாள். அதற்குமேல் என்னால் மறைக்க இயலவில்லை. "நம்மளை விட்டுப் போயிட்டார்ம்மா."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை நீங்க எனக்கு போன் பண்ணீங்க." அவர் குரல் உயரவில்லை. "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பதினோரு மணி நேரம் பிளேன்ல உக்காந்து, செத்துப்போனவர்கிட்ட பேசுறதுக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன். பக்கத்து சீட்டு ஆளு என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பான்."

"உங்களுக்காகத்தான்மா. எங்க வழக்கம்..."

"வழக்கம் இருக்கட்டும். நீங்க பேசினது என் மொழியில. அதுல நீங்க சொன்னதை அப்படியே நம்பினேன்."

ஓட்டுநராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஒருவர்கூட என்னைப் பொய்யன் என்றதில்லை. அவரும் அச்சொல்லைச் சொல்லவில்லை.

"இப்போ கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க. வலி இருந்துச்சா?"

"கடைசி ஒரு மணி நேரம் இருந்துச்சு."

"யாரு பக்கத்துல இருந்தா?"

"நான்."

"என்னைக் கேட்டாரா?"

இத்தகைய வினாவுக்குப் புண்படுத்தாத விடைகள் ஸுலுவில் பல உண்டு. கண்கள் வாசலையே பார்த்தன என்று சொல்லலாம்; உண்மையில் அவர் கட்டில் வாசலை நோக்கியே கிடந்தது. ஜெர்மன் புரியாவிட்டாலும் ஹெல்கேயின் முகத்தைப் படித்துவிட்ட லுங்கிலே, "என்ன கேட்டாலும் ஆமான்னுடு ஷாண்டு, உனக்கென்ன போவுது?" என்று ஸுலுவில் முணுமுணுத்தாள்.

நான் ஹெல்கேயின் கண்களை நேராகப் பார்த்தேன். எங்களிடையே அது மரியாதை அன்று.

"இல்லம்மா. உங்களைக் கேக்கல. ம்தூன்ஸின்னு ஒருத்தரைத்தான் கூப்பிட்டார்."

குறிப்பேடு அவர் கையில் மடங்கியது. பிறகு நாற்காலியை இழுத்து அமர்ந்தார்.

"யாரு அந்த ம்தூன்ஸி?"

"செத்து நாப்பது வருஷம் ஆச்சும்மா" என்று அதையே முதலில் சொன்னேன். அதன் பின்னரே, வோல்கர்ஸும் அவரும் சிறுவயதில் சேர்ந்து மேய்த்த மாடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.