மோட்டார் மறுபடி ஓடியது

1

கோபத்தில் பிறந்த கதை இது. "சி என்ற கணினி மொழியில் வரும் மேக்ரோவை வைத்தெல்லாம் கதை எழுத முடியுமா?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கின் மலைகளில் மேகம் தவழ்ந்த ஒரு மாலை, (அடித்துவிட்டேன். எந்தக் கதையில்தான் அது தவழவில்லை?)

2

2004. அல்லிநகரத்துக் கணினி மையத்தில் சி படிக்கும் மாரீஸ்வரி, அப்பா ஒச்சாண்டியின் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்து மோட்டாரைக் கணினியோடு இணைத்துவிட்டாள். அறுவடை நெருங்கும் நேரம். தண்ணீர் கூடினால் பழம் வெடித்துவிடும்.

"வெடிச்சுச்சுன்னு வையி, கம்ப்யூட்டர் பெட்டியும் கெடையாது, படிப்பும் கெடையாது" என்றார் ஒச்சாண்டி.

(இவர் இவ்வளவு கடுமையானவரா? முதல் பிரதியில் மீசையை வேறு முறுக்கினார். மகள் கேட்டதும் தோட்டத்தையே நம்பிக் கொடுத்த மனிதர். மீசையை எடுத்துவிட்டேன்.)

"வெடிக்காதுப்பா. எல்லாத்துக்கும் அடைப்புக்குறி போட்டுருக்கேன். சார் அப்படித்தான் சொன்னாக."

3

மேக்ரோ என்பது ஒரு சுருக்கப்பெயர். அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம், நாம் எழுதிவைத்ததைக் கணினி யோசிக்காமல் அப்படியே ஒட்டிவிடும். ஒட்டியவை பக்கத்தில் இருப்பவற்றோடு கலந்துவிடாமல் இருக்கத்தான் அடைப்புக்குறி. வேலி போட்டால் வெளி ஆடு வராது. (ஆடு உள்ளேயே நின்றால்?)

மாரீஸ்வரியின் மேக்ரோவுக்குப் பெயர் 'பெரியது'. இரண்டைக் கொடுத்தால் பெரியதைச் சொல்லும். 'பாய்ச்சு' என்று எழுதினால் மோட்டார் ஒரு தடவை ஓடி, பாய்ந்த அளவைச் சொல்லும். இன்று பாய்ந்தது அதிகமா, நேற்றா என்று திரையில் காட்டும் ஆசையில், 'பாய்ச்சு'வைத் தூக்கிப் 'பெரியது'க்குள் போட்டுவிட்டாள். மேக்ரோ அதை ஒப்பிட ஒரு தடவை ஒட்டியது. விடை சொல்ல இன்னொரு தடவை ஒட்டியது.

4

மோட்டார் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"ஏத்தா, என்னத்தா இது? திரும்ப ஓடுது!"

மாரீஸ்வரி பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தாள். கொடிகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. பாய்ந்த அளவை முதலில் ஒரு பெயரில் பிடித்துவைத்து, அப்புறம் ஒப்பிட்டிருக்க வேண்டும். அது இப்போதுதான் உறைத்தது.

5

முடிவு ஒன்று: பழம் வெடித்தது, பெட்டி பரணுக்குப் போனது.

முடிவு இரண்டு: நல்ல வெயில் அடித்துப் பழம் தப்பியது.

முடிவு மூன்று: ஒச்சாண்டி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து,

தேர்ந்தெடுப்பது உங்கள் பாடு. ஆனால் மேலே போய் மறுபடி படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நான்காம் பகுதியை நீங்கள் படிக்கும்போதெல்லாம் அங்கே மோட்டார் ஓடுகிறது. படித்த வரைக்கும் மனதில் பிடித்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து சொல்லுங்கள்.

மாரீஸ்வரி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.