நாலு பேரின் தலைவலி

மருந்துக்கடையில் மாத்திரை கேட்டால் மாத்திரை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வியாபாரம். எங்கள் தெருமுனைக் கடைக்கார அம்மாளுக்கு அது பிடிபடவே இல்லை. யாருக்கு, என்ன வயசு, எப்போதிலிருந்து, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று குடைந்தெடுத்த பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். எங்கள் சலவைக்கடையில் அவருக்குக் கேள்வியம்மா என்று பெயர். வைத்தது நான்தான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இருபது வருஷம் இஸ்திரிப்பெட்டியோடு நின்றவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? அதிலும் அந்த மழைக்காலத்தில் மூன்று வாரமாக மண்டையிடி. எனக்கு மட்டுமில்லை. துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பிக்கு, துணிகளில் அடையாளச் சீட்டுக் குத்தும் அவன் மனைவிக்கு, மடிப்புக்காரருக்கு, ஒருவர் விடாமல் எல்லாருக்கும். வெளுத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிக்காரர் மட்டும் விசிலடித்துக்கொண்டு வந்து போனார். அந்த ஆளைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

தலைவலி என்று வந்துவிட்டால் ஆளாளுக்கு வைத்தியராகிவிடுகிறோம். தம்பிக்குக் கடுங்காப்பி. மடிப்புக்காரருக்கு நெற்றியில் இறுகக் கட்டிய ஈரத்துண்டு. தம்பி மனைவிக்கு ஆறு மாதம். மாத்திரையே வேண்டாம், படுத்து எழுந்தால் போதும் என்பாள். எனக்கு மாத்திரை, அதற்கு மேல் ஒரு பூச்சுத் தைலம். தினமும் காலையில் கடை திறந்ததும் யாருடைய வைத்தியம் உசத்தி என்று சண்டை நடக்கும்.

"நேத்து கிளம்பும்போது ரெண்டு டம்ளர் காப்பிதான்க்கா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வலி போன இடம் தெரியல" என்பான் தம்பி.

"நீ துண்டு கட்டிப் பாரு, அப்புறம் பேசு" என்பார் மடிப்புக்காரர்.

அவரவர் வைத்தியம் அவரவருக்குப் பலித்திருந்தது. அதனால் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வலிக்குக் காரணத்தையும் நான்தான் கண்டுபிடித்தேன். பாய்லருக்கு மேலே சுவரில் ஒரு காற்றுத்துளை. அதன் வழியாக வரும் குளிர்காற்றுதான் தலையில் இறங்குகிறது என்று முடிவுகட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, கிழிந்த போர்வை ஒன்றைச் சுருட்டித் திணித்து அடைத்தேன். சன்னல்களை மழைக்காக முன்பே சாத்தியாயிற்று. அறை நல்ல கதகதப்பாக இருந்தது. வலி மட்டும் முன்னைவிடக் கூடியது. மாத்திரைக்கு வீரியம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை பதினோரு மணிக்குத் தம்பி மனைவி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "தலையவே தூக்க முடியல அண்ணி" என்றாள். பிள்ளை படுத்தும் பாடு என்று நினைத்து, பாய்லர் அறையில் துணி மூட்டைகள்மேல் படுக்கவைத்தேன். இருப்பதிலேயே இதமான இடம் அதுதான். யாரும் எழுப்பக் கூடாதென்று கதவையும் சாத்திவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முண்டியடித்து முன்னால் போய், "இருக்கறதுலேயே பவரான தலைவலி மாத்திரை. நாலு அட்டை" என்றேன்.

கேள்வியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "போன வாரம்தானே ரெண்டு அட்டை வாங்கினீங்க?"

"தீர்ந்துபோச்சு."

"யார் யாருக்கு?"

ஆரம்பித்துவிட்டார் என்று பல்லைக் கடித்தேன். "கடையில நாலு பேருக்கு வலிக்குது. அதுல ஒருத்தி வாயும் வயிறுமா இருக்கா. சீக்கிரம் குடுங்க, எனக்கே தலை வெடிக்குது."

"நீங்க கேக்கற மாத்திரை மாசமா இருக்கறவங்களுக்கு ஆகாது. அது இருக்கட்டும். நாலு பேருக்கும் ஒரே சமயத்துலயா வலிக்குது?"

"ஏங்க, நீங்க மாத்திரை விக்கறீங்களா, இல்ல விசாரணை பண்றீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "வீட்டுக்குப் போனா வலி எப்படி இருக்கு?"

"போயிடும். தம்பி காப்பி குடிப்பான், ஒருத்தர் துண்டு கட்டுவார், தம்பி பொண்டாட்டி தூங்குவா, நான் மாத்திரை போடுவேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"லீவு நாள்ல எப்படிங்க வலிக்கும்?" என்றேன். சொன்ன பிறகு அது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். "காப்பி, துண்டு, தூக்கம், மாத்திரை. நாலு பேருக்கு நாலு வைத்தியம். நாலும் கடையை விட்டு வெளியே வந்தாத்தான் வேலை செய்யுதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கடையில தண்ணி எதுல சூடாகுது?"

"கேஸ் பாய்லர்ல."

"ஜன்னல்?"

"மழைன்னு சாத்தியிருக்கோம். மேல ஒரு ஓட்டை இருந்துச்சு, அதையும் நான்தான் அடைச்சேன்."

"மாசமா இருக்கற பொண்ணு இப்ப எங்கே?"

"பாய்லர் ரூம்ல. தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டு..."

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடிக்கவில்லை. அவர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுப் படியிறங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முழங்காலில் பட்டை வேறு. அந்த மழையில் எனக்கு முன்னால் ஓடினார். ஓடிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இடையில் என்னிடம், "புகை வெளியே போக வழியில்லன்னா விஷவாயு உள்ளேயே நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. முதல்ல தலைவலியாத்தான் வரும்" என்றார். 

கடை வாசலில் நின்று, "எல்லாரும் வெளியே வாங்க, இப்பவே" என்று ஒரு சத்தம் போட்டார். மடிப்புக்காரர் தலையில் கட்டிய துண்டோடு வந்தார். வெளிச்சுவரோரம் இருந்த சிலிண்டரைத் தம்பி மூடினான். "நீங்க வராதீங்க, மூணு வாரமா அதைத்தான் குடிச்சிருக்கீங்க" என்று எங்களைத் தடுத்துவிட்டு, வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி உள்ளே போனார். இருவரும் அவளைத் தூக்கி வந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவருடைய துணி வேனின் பின்கதவைத் திறந்து அதில் கிடத்தினார்கள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. எத்தனை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. லேசாக முனகினாள். அந்த முனகலைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

மருத்துவமனையில் அவளுக்கு முகத்தில் ஆக்ஸிஜன் மூடியை மாட்டி உள்ளே கொண்டுபோனார்கள். எங்களுக்கும் ஆளுக்கொன்று மாட்டி வரிசையாக உட்காரவைத்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாய்லரின் புகைக்குழாய் ஒரு மூட்டில் விட்டுப்போயிருந்ததாக வண்டிக்காரர் வந்து சொன்னார். காற்றுத்துளை திறந்திருந்தவரை கொஞ்சமாவது வெளியே போயிருக்கும். அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. மூடியைக் கழற்றிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினேன்.

"அந்த ஓட்டையை அடைச்சது நான்டா. அவளை அங்க படுக்கவச்சதும் நான்தான்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும்க்கா. நீ ஏறும்போது ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டது யாரு?" என்று சொல்லி மூடியை எடுத்து என் முகத்தில் திரும்ப மாட்டினான்.

சாயங்காலம் அவள் கண் விழித்தாள். டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார். தடதடவென்று வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் வாய்விட்டே அழுதேன்.

வெளியே வந்தால் கேள்வியம்மா நனைந்த புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போகவே இல்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு இப்ப தலை வலிக்குதா?" என்றார்.

"இல்ல."

"என்ன மாத்திரை போட்டீங்க?"

"ஒண்ணும் போடலைங்க."

"சரி" என்று எழுந்தார். திறந்து போட்ட கடைக்கு என்ன ஆயிற்றோ என்று நான் பதறினேன். வரிசையில் நின்றவர்களே காவல் இருக்கிறார்களாம், போன் வந்ததாம். அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எனக்கு அதெல்லாம் வராது. "இன்னும் ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றேன்.

நாலடி போனவர் நின்றார். "வீட்டுல தண்ணி எதுல சுடவைக்கறீங்க?" என்று கேட்டார்.

விறகடுப்பில், கொல்லைப்புறத்தில், மேலே கூரை கிடையாது, பக்கத்தில் யாரும் படுப்பதில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.