வழித்த குடல்

மாடு, பன்றி, குதிரை எல்லாவற்றின் பெருங்குடலிலும் நார் புளித்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாகிறது. குடலின் உட்படலம் அவற்றை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்புகிறது. எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிற இதை ஆய்வகத்தில் காட்ட என்னால் முடியவில்லை.

பன்றிக் குடல் துண்டை இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே திரை போல மாட்டுவேன். இரு பக்கமும் ஒரே அளவு அமிலம். குடலில் உயிர் இருந்தால் உட்பக்கம் குறைந்து இரத்தப் பக்கம் ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டும் சமமாகவே நின்றன.

"புத்தகத்துல இருக்கறதையே காட்ட முடியலன்னா கைதாம்மா சரியில்ல" என்றார் பேராசிரியர். "நாளைக்கு மேசைய வேற ஆளுக்குக் குடுக்கப்போறேன்."

என் கை மீது எனக்கும் சந்தேகம் வந்திருந்தது.

பன்றி வெட்டுக்கூடத்தில் வேலை செய்யும் என் தம்பிதான் குடலைக் கொண்டுவந்து தருவான். அன்று அவன் பைக் மக்கர் பண்ணியது. முதன்முறையாக நானே போனேன்.

ஆவி பறக்கும் தொட்டியருகே அவன் ஒரு குடலை உள்வெளியாகத் திருப்பி, மழுங்கிய கத்தியால் வழித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"உனக்குத்தான்க்கா. நீயோ மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடற ஆளு. எப்பவும் வழிச்சு, வெந்நீர்ல அலசி, மறுபடி திருப்பித்தான் டப்பாவுல போடுவேன். குடல்ல கறிய அடைச்சு விக்கற தொத்திறைச்சிக் கடைக்காரருக்குக்கூட இவ்வளவு சுத்தமாத் தர மாட்டேன்."

கத்தியில் ஒட்டியிருந்த வழவழப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். உறிஞ்ச வேண்டிய உட்படலம் அதில் இருந்தது. இத்தனை நாளும் வெறுந்தோலிடம் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருக்கிறேன். பிறகு சிரிப்பு வந்தது.

"வழிக்காம ஒண்ணு குடுடா. அழுக்கோட."

"உனக்குப் புத்தி பிசகிடுச்சாக்கா?"

குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு எடுத்து வந்தேன். பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

மாலைக்குள் இரத்தப் பக்கத்தின் அளவு ஏறத் தொடங்கியது. உட்பக்கம் இறங்கியது. பேராசிரியர் கணினித் திரையருகே வந்து நின்றார்.

"எங்கயாவது கசிஞ்சிருக்கும்."

"கசிவுன்னா ரெண்டு பக்கமும் சமமாத்தான் சார் நிக்கும். வழிச்ச குடல் அப்படித்தான் நின்னுது. என் பழைய அளவெல்லாம் வழிச்ச குடலோடது."

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டிப் பார்த்தார்.

"மேசை உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

தம்பிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு ரெண்டு டப்பா வேணும். ஒண்ணு அழுக்கோட. இன்னொண்ணு நீ எப்பவும் வழிக்கற மாதிரி."

"அதான் வேணாம்னியே."

"வேணும்டா. அதை வச்சுத்தான் இன்னைக்கு ஜெயிச்சேன்."