கோ அண்ட் கம்

மேனாம்பேட்டில் மாவு மெஷினுக்கு மேல்மாடியில் இயங்கும் 'ராயல் தேம்ஸ் இன்டர்நேஷனல் ஸ்போக்கன் இங்கிலீஷ் அகாடமி'யின் நிறுவனர், முதல்வர், ஆசிரியர் மூவரும் செபாஸ்டியன்தான். இன்டர்நேஷனல் என்ற சொல்லுக்கு ஆதாரம், நேபாளத்து வாட்ச்மேன் ஒருவர் ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போனது.

அங்கே ஒரு வாக்கியத்துக்குத் தடை இருந்தது: 'ஐ வில் கோ அண்ட் கம்.' போய்ட்டு வரேன் என்பதை இப்படி அப்படியே இங்கிலீஷில் தள்ளிவிட்டால் லண்டனில் சிரிப்பார்கள் என்பது செபாஸ்டியனின் கட்சி. அவர் போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி.

'தேம்ஸ் நதிக்கரையில் ஒரு மாலை' என்று கட்டுரை எழுதிவரச் சொன்னதிலிருந்து வகுப்பில் ஆள் குறையத் தொடங்கியது. போன வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இரண்டே பேர். இன்னொரு வெள்ளி இப்படிப் போனால் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

"தேம்ஸ யாருய்யா பாத்தா? இங்க கூவத்தையே மூக்கப் பொத்திக்கினுதான் தாண்டுறானுங்க" என்றாள் மனைவி அருள்செல்வி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. வீட்டிலும் அதே வேலைதான். "ஊட்ல இருக்கறவங்களாண்ட இங்கிலீஷ்ல ஒரு நிமிஷம் சண்ட போடச் சொல்லு. அத்த ரெக்கார்ட் பண்ணி குரூப்புல போடட்டும்."

"அதுக்குப் பேரு கல்வி இல்ல, அருளு."

"ரெண்டு பேரு வர்றதுக்குப் பேரு இன்னா?"

மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில், தமது நீண்ட ஆய்வின் விளைவாக 'கான்ஃப்ளிக்ட் பேஸ்டு லேர்னிங்' என்ற ஹோம்வொர்க்கை செபாஸ்டியன் அறிமுகப்படுத்தினார்.

முதல் சண்டை ஷேர் ஆட்டோ ஓட்டும் வேம்புலியுடையது. "வொய் டெய்லி உப்புமா? ஐயாம் வாட், பேஷன்ட்டா?"

அவர் மனைவி சரசா வகுப்புப் பக்கமே வந்ததில்லை. "டெய்லி யூ ஒன்லி கமிங். ஐயாம் அட்ஜஸ்டிங், நோ?"

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் ஸ்வாதி, "மதர் இன் லா, திஸ் ரிமோட் இஸ் நாட் யுவர் சீர்வரிசை" என்று மாமியாரிடம் மோதியிருந்தாள். வகுப்பிலிருந்து நின்றுபோனவர்கள்கூட எட்டிப் பார்த்து, அடுத்த ரவுண்டு எப்போது என்று கேட்டார்கள்.

பிறகு வேம்புலியின் குரல் வந்தது. "சார், நீங்க மேடத்தாண்ட போட்ட சண்ட எங்க சார்? வாத்தியாருக்கு ஹோம்வொர்க் இல்லியா?"

குரூப் முழுக்க அதையே கேட்டது. செபாஸ்டியன் தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், குரல் மட்டும்தான் பதிவாகும் என்றாலும். அருள்செல்வி தன் போனில் குரூப்பைத் திறந்து ரெக்கார்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மை டியர், ஐ பெக் டு டிஃபர்..."

"வாட் பெக்? யூ பிரிங் கேஸ் சிலிண்டர்? நோ. யூ பிரிங் கர்ட்? நோ. டெய்லி யூ பிரிங் ஒன்லி கிராமர்."

அவர் வாயைத் திறந்தார். இலக்கணம் அத்தனையும் வரிசையில் வந்து நின்றது. கோபம் மட்டும் வரவில்லை. வந்தபோது அது வேறு மொழியில் வந்தது. "இன்னாமே, நானும் பாத்துகினே கீறேன், பேசிகினே போற?"

"தமிழ் நாட் அலவ்டு."

செருப்பை மாட்டினார். கதவைத் திறந்தார். "ஐயாம் கோயிங்."

அருள்செல்வியின் குரல் இறங்கிவிட்டது. "இன்னாய்யா பேச்சு அது? ஊட்ட உட்டு கெளம்பறப்ப போறேன்னா சொல்வாங்க? ஒயுங்கா சொல்லிட்டுப் போ."

செபாஸ்டியன் படியில் நின்றார். லண்டனை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"ஐ வில் கோ அண்ட் கம்."

"ம். கம் வித் கர்ட்" என்றாள் அவள். அப்போதுதான் ரெக்கார்ட் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

அவர் பால் கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சண்டை முழுசும் குரூப்புக்குப் போய்விட்டிருந்தது. போர்டைக் கழற்ற யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே அவர் தன் போனைத் திறந்தார்.

வேம்புலி எழுதியிருந்தார்: 'சார், ஃப்ரைடே வீ வில் கம் அண்ட் கோ.' அதன் கீழே ஸ்வாதி, அதே வாக்கியம். அதற்கும் கீழே, தேம்ஸோடு காணாமல் போனவர்கள் ஒவ்வொருவராக அதே வாக்கியம்.

திருத்துவதற்கு செபாஸ்டியனின் விரல் தானாகப் போனது. அதற்குள் கடைக்காரர் தயிரை நீட்டிவிட்டார்.