ஒரு திருகாணிகூட மாற்றாத வண்டி

மற்ற விஷயங்களில் ராய்ஸ் விவரமானவன்தான். அந்தப் பச்சை பிக்கப் என்று வந்துவிட்டால் மட்டும் அவனைப்போல ஒரு மடையனை டெக்சஸின் வடகோடி முழுக்கத் தேடினாலும் காண முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த புது டீசல் பிக்கப்பை அமரில்லோ ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இதை ஓட்டி வந்தான். அவன் மனைவி நெல்டா மூன்று நாள் அவனுக்குப் பழைய ரொட்டியையே வைத்தாள். நாலாம் நாள், "ஆத்திரம் அவசரம்னா எதுல போறது?" என்று மட்டும் கேட்டாள்.

"இதுலதான். ராணி மாதிரி உக்காந்துட்டு வா!"

ராணியாக உட்காரலாம், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அவள் கதவை அறைந்து சாத்தினால்கூட அவனுக்கு முகம் சுருங்கும்.

வண்டிக்கு ஒரு நோய் உண்டு. பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பு இஞ்சினோடு ஒட்டியே இருக்கும். வெயில் ஏறினால் அதற்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், வண்டி அப்படியே நின்றுவிடும். அமரில்லோக்காரர் அனுபவசாலி. டேங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மின்சாரப் பம்பு வைத்திருந்தார். வண்டி வந்த வாரமே ராய்ஸ் அதைக் கழற்றி, காலி காப்பி டின் ஒன்றில் போட்டுக் கொட்டகை அலமாரியில் ஏற்றிவிட்டான். ஏனாம்? பழைய வண்டிக் கண்காட்சியில், இது பிற்காலத்துச் சாமான் என்று நடுவர்கள் இரண்டு மார்க் குறைத்துவிடுவார்களாம்! பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாம் ஒரிஜினலா?" அதற்கு, "ஒரு திருகாணிகூட மாத்தல," என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனையும்.

அந்த ஜூலையில், மழை கண்டு எழுபது நாள் ஆகியிருந்தபோது, மேற்கே புல்வெளியில் தீப்பிடித்தது. பக்கத்துப் பண்ணை டெல்மர் தன் டிரக்கை வாசலில் நிறுத்தி ஹாரனை அலறவிட்டான்.

"அண்ணே, அண்ணியைக் கூட்டிட்டு ஏறுங்க! காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது!"

நெல்டா கைப்பையோடு ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். ராய்ஸ் பிக்கப் நின்ற கொட்டகைப் பக்கம் பார்த்தான். ஒன்றரை வருஷம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பச்சை. அதை நெருப்புக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"நீ போ டெல்மர். நாங்க இதுல பின்னாலயே வந்துடறோம்."

நெல்டா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிலிருந்து காலை எடுத்தாள். டெல்மர் போய்விட்டான். அவள் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போய், ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் முழுவதையும் ஐஸ் பெட்டியில் கொட்டி, சர்க்கரை போட்ட குளிர் டீக் கூஜாவையும் அதற்குள் வைத்துத் தூக்கி வந்தாள்.

"ஏன்டி, பிக்னிக்கா போறோம்?" என்றான் ராய்ஸ்.

"தாகம் எடுக்கும்யா. வாயை மூடிட்டு வண்டிய எடு."

தார்ச்சாலைக்கு ஒன்பது மைல் மண்ரோடு. மூன்றாவது மைலில் இஞ்சின் இருமியது, திணறியது, நின்றுவிட்டது.

ராய்ஸ் காலால் ஸ்டார்ட்டரை மிதித்தான், மிதித்தான், மிதித்துக்கொண்டே இருந்தான். வெறும் சத்தம்தான் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வானமே இல்லை. கறுப்புப் புகை, அதற்கு அடியில் ஆரஞ்சுக் கோடு. இந்த வண்டியில் டேங்கு இருப்பது சீட்டுக்குப் பின்னால். இருவரும் பெட்ரோலில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி ஓடலாமென்றால் நெல்டாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கால் மைல்கூட நடக்கமாட்டாள்.

பானெட்டைத் திறந்தான். பம்பில் கை வைத்ததும் தோல் ஒட்டிக்கொண்டது.

"நெல்டா, அந்த ஐஸைக் கொண்டா!"

இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பம்பின்மேல் வைத்து அழுத்தினான். டீயையும் ஊற்றினான். சர்க்கரை கருகி நாற்றம் எழுந்தது. இஞ்சின் பிடித்தது. அரை மைல்தான் போனது, மறுபடி நின்றது. மறுபடி ஐஸ். இந்த முறை கால் மைல். அதற்குள் முயல்களும் மான்களும் வண்டியைத் தாண்டி ஓட ஆரம்பித்துவிட்டன. அவற்றைப் பார்த்ததும் ராய்ஸ் ஐஸ் அள்ளுவதை நிறுத்தினான். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"உன்னை நானே கொன்னுட்டேன் நெல்டா. அவன் கூப்பிட்டான். ஏறியிருக்கலாம். நான்தான், நான்தான்..."

"இன்னும் சாகலைல்ல? அப்புறமா அழு." அவள் ஏற்கனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் நகர்ந்திருந்தாள். "நின்னு நின்னு ஊத்தினா சரிப்படாது. நீ மட்கார்டு மேல படுத்துக்க. வண்டி ஓட ஓடப் போட்டுக்கிட்டே இரு. நான் ஓட்டறேன்."

"பானெட் திறந்திருந்தா ரோடு தெரியாதேடி!"

"கதவைத் திறந்து எட்டிப் பாத்துக்கறேன். பதிமூணு வயசுல எங்கப்பன் கோதுமை லாரிய ஓட்டினவ நான். படுய்யா!"

படுத்தான். யாராவது விரல் வைத்தால்கூடத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பச்சையின் மேல், பெல்ட் பக்கிள் கிறீச்சென்று கோடு இழுக்க, பூட்ஸ் காலை எங்கேயோ உதைத்து ஊன்றிக்கொண்டு படுத்தான். ஐஸ் பெட்டியை இடது கையால் அணைத்துக்கொண்டான். வலது கை பம்பில். நெல்டா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி ஓட்டினாள். ஓடைப் பாலத்தில் இரண்டு பக்கமும் புல் எரிந்துகொண்டிருந்தது. பொறி அவன் முதுகில் விழுந்து சட்டை புகைந்தது. அவன் கையை எடுக்கவில்லை. கை சுட்டதா, ஐஸில் விறைத்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. "கடவுளே, அவளை மட்டும், அவளை மட்டும்," என்று கத்திக்கொண்டே இருந்தான். இஞ்சின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஐஸ் தீர்ந்தது. டீயும் தீர்ந்தது. பெட்டியின் அடியில் கிடந்த கடைசித் தண்ணீரைச் சாய்க்கும்போது சக்கரத்துக்கு அடியில் தார்ச்சாலை வந்தது.

ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஜனங்கள் சாமான்களோடு நின்றார்கள். நர்ஸ் ஒருத்தி ராய்ஸின் இரண்டு கைக்கும் கட்டுப்போட்டு, அசைக்கக் கூடாது என்றாள். டெல்மர் ஓடி வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். "வீடு, கொட்டகை எல்லாம் போச்சுண்ணே," என்றான். கொட்டகை அலமாரியில் இருந்த காப்பி டின்தான், அதற்குள் கிடந்த பம்புதான் ராய்ஸுக்கு முதலில் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் பெரியவர் ஒருவர், கையில் காகித டம்ளரோடு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கருகிய பெயிண்டைத் தடவினார். பாவம், அவருக்கும் அன்று வீடு இருந்ததோ போனதோ. இருந்தாலும் பழக்கம் விடுமா?

"அம்பத்திரண்டுதானே? என்ன அழகு! எல்லாம் ஒரிஜினலா தம்பி?"

ராய்ஸ் கட்டுப்போட்ட கைகளையே பார்த்தான்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருந்த நெல்டாதான் பதில் சொன்னாள். "ஒரு திருகாணிகூட மாத்தலீங்க."

ராய்ஸ் வண்டியின் படியில் உட்கார்ந்து ஊரறிய அழுதான். முகத்தை மூடிக்கொள்ளக் கை உதவவில்லை.