மஞ்சள் கோட்டுக்காரி

…அந்தப் பிஸ்கட் பொட்டலத்தை ஒரேயடியாகப் பிரித்துத் தொலைத்தால் என்ன, சரக் சரக் என்று ஓரத்தைக் கிள்ளி, ஒன்றை எடுத்து, மறுபடி மடித்து, மறுபடி பிரித்து, பதினோரு வருஷமாக வீட்டில் கேட்டுக் காது புளித்த சத்தம் இப்போது பாஸ்னியா வரைக்கும் கூடவே வந்துவிட்டது. முட்புதர் மண்டிய இந்தச் சரிவில் முக்காலியை ஊன்றி, கீழே தண்டவாளம் வளைகிற இடத்துக்குக் கேமராவைப் பூட்டி வைத்துவிட்டு நான் நிற்கிறேன், முதுகுக்குப் பின்னால் என் அக்கா டோரீன் மென்றுகொண்டிருக்கிறாள். கரி எஞ்சின் வண்டி இரண்டு மணிக்கு என்றார்கள். மணி இரண்டரை. சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றி முடித்தால் வரும், முடிக்காவிட்டால் வராது, இதற்கென்ன கால அட்டவணையா இருக்கிறது… இது எனக்கு ஐந்தாவது தடவை. முதல் தடவை மழை. இரண்டாவது தடவை எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை ஒரு ஜெர்மன்காரன் தன் வேனைக் கொண்டுவந்து சரியாக வளைவுக்கு முன்னால் நிறுத்தினான், நாசமாய்ப் போனவன். நாலாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது, காற்று மட்டும் திரும்பிப் புகை முழுக்க என் பக்கம் சாய்ந்தது, வெறும் புகையைப் படம் எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் டான்காஸ்டருக்குத் திரும்பினேன். இன்றைக்கு மேகம் ஒன்றே ஒன்று, அதுவும் மேற்கே ஒதுங்குகிறது. இன்றைக்கும் கிடைக்காவிட்டால் அதற்குக் காரணம் இந்தப் பிஸ்கட்காரியாகத்தான் இருக்கும்.

இவளை யார் கூப்பிட்டது? எங்கள் ரயில் சங்கத்தில் வருஷம் ஒரு தடவை எட்டுப் பேர் வேன் வைத்துக்கொண்டு வெளிநாடு போவோம், இந்த வருஷம் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது, ஓர் இடம் காலி. சங்கத்தின் செயலாளர் மால்கம் அதைச் சொல்ல வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறார், நான் ரயில்வே ஸ்டேஷனில் இருந்தேன், இவள் எடுத்து, "அந்த எடத்துக்கு நான் வரேன்" என்று சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் அவளுடைய பாஸ்போர்ட் கிடந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். "எழுபது வயசாச்சு, எங்க போயிருக்கேன் நானு? வெயிலாவது காயறேன்" என்றாள். வெயில் காய ஸ்பெயின் இருக்கிறதே, கடல் இருக்கிறதே, சுரங்கச் சாம்பல் பறக்கிற மலைதானா கிடைத்தது… வந்த மூன்று நாளில் வேனில் எல்லாருக்கும் இவள் சொந்தமாகிவிட்டாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள், யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரியும் என்று பீற்றிக்கொள்வாள். மால்கம் அவளிடம் எஞ்சின் சக்கரங்களைப் பற்றி விளக்குகிறார், அவளும் வாயைப் பிளந்து கேட்கிறாள், நான் நாற்பது வருஷமாகச் சொல்லும்போது கொட்டாவி விட்டவள்.

வீட்டில் ஒரு நாளாவது நிம்மதி உண்டா? காலை ஆறு மணிக்கு எழுந்து ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன், பிளாட்பாரத்தின் வடகோடியில் ஒரு பெஞ்சு, அங்கே உட்கார்ந்தால் சரக்கு வண்டி, பயணி வண்டி எல்லாம் தெரியும், எஞ்சின் நம்பர்களை நோட்டில் குறித்துக்கொண்டு பதினொன்றரைக்குத் திரும்புவேன், யாருக்கு என்ன நஷ்டம்? கதவைத் திறந்ததும் அவள் குரல். "ரயிலு வந்துச்சா?" வந்துச்சு. "போச்சா?" போச்சு. "அப்புறம் அதுல என்னத்தடா எழுதுற?" தினமும் இதே மூன்று கேள்வி, சுவர்க்கடிகாரம் மாதிரி. புருஷன் கென் செத்த பிறகு, ஒரு மாசம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அப்பாவின் வீட்டுக்கு வந்தவள், பதினோரு வருஷம் ஆயிற்று. என் நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கிற பின்னறையை இப்போது கேட்கிறாள், தையல் மெஷின் போடணுமாம். "செத்துப்போன எஞ்சினுக்கெல்லாம் ஜாதகம் எழுதி வெச்சிருக்கான், உயிரோட இருக்கற அக்காவுக்கு ஒரு ஜன்னல் இல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்றே சொல்கிறாள். கம்பளக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் தூசியைத் தின்றேன், யாரிடமாவது ஜன்னல் கேட்டேனா?

மேகம் விலகிவிட்டது. வளைவு முழுக்க வெயில், தண்டவாளம் கத்தி போல் மின்னுகிறது, நான் குனிந்து கேமராவுக்குள் பார்க்கிறேன், சட்டத்துக்கு நட்ட நடுவில் ஒரு மஞ்சள். அவள்தான். மழையே இல்லாத நாளில் மஞ்சள் மழைக்கோட்டு. எப்போது என்னைத் தாண்டிக் கீழே இறங்கினாள்? புதரில் கருநாவல் மாதிரி ஏதோ பழம் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"டோரீன்! நகரு!"

"எங்க நகர?"

"எங்கயாவது! படத்துல விழற!"

"விழுந்தா என்னடா, கண்ணாடியா ஒடஞ்சிரும்? ஒரு மனுஷி இருந்துட்டுப் போகட்டுமே அதுல."

"உன்ன யாரு இங்க வரச் சொன்னா?"

"ஏன், இது என்ன உங்கப்பன் வீட்டு மலையா? அப்படியே இருந்தாலும் எனக்கும் பாதி உண்டு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அலுமினிய ஏணியின் உச்சியில் நின்றிருந்த மால்கம்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான்… அது மட்டும் இல்லாதிருந்தால் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். "நீ இருக்கற எடம் எதுவும் வெளங்காது. கென் சீக்கில சாகல, உன் வாயிலேர்ந்து தப்பிச்சாப் போதும்னு செத்தான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். மால்கம் ஏணியில் நின்றபடி வானத்தைப் பார்த்தார். யாரோ கேமராவின் பட்டையை இழுத்துச் சரிசெய்தார்கள். டோரீன் கையிலிருந்த பழங்களைக் கீழே போட்டாள், விரல்களைக் கோட்டில் துடைத்தாள், பிஸ்கட் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள், சுரங்க யார்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டாள்.

போகட்டும். உள்ளதைத்தானே சொன்னேன். கென் கடைசி வருஷம் முழுக்கத் தோட்டத்துக் கொட்டகையில்தானே உட்கார்ந்திருந்தான்… இருமலுக்காக உட்கார்ந்தானா, இவளுக்காகவா, எனக்கென்ன தெரியும். ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது நாள் நாற்காலியிலேயே தூங்கினாள் என்பார்கள், நான் போகவில்லை, அந்த வாரம் ஸ்காட்லாந்தில் ஒரு சிறப்பு வண்டி ஓடியது. சரி, இப்போது எதற்கு அது? "கொஞ்சம் ஜாஸ்திதான் கிளைவ்" என்றார் மால்கம், ஏணியிலிருந்தே. "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அவர் அப்புறம் என்னுடன் பேசவில்லை. நல்லது. ஏழு பேர் ஒரு சரிவில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு. வெயில் மட்டும் அசையாமல் நின்றது, எனக்காகவே நிற்பதுபோல.

பிறகு ஊதல். ஒன்றல்ல, விடாமல், குழந்தை கையில் பீப்பி கிடைத்த மாதிரி, இந்த ஊரில் எந்த டிரைவரும் இப்படி ஊத மாட்டானே, அதற்குப் பின்னால் அந்த மூச்சு, மேடேறுகிற கரி எஞ்சினின் கனத்த மூச்சு, மலையே இருமுகிறதுபோல. புகை நேராக எழுந்தது, வெள்ளை, மறுபக்கம் சாய்ந்தது, ஐந்து தடவை வந்ததற்கு இதுதான், இதுதான், என் விரல் பொத்தானில். வளைவில் கறுப்பு மூக்கு தெரிந்தது, சக்கரங்களை இணைக்கிற தண்டு ஏறி இறங்கியது, பக்கத்து ஜன்னலில் மஞ்சள். மஞ்சள் கோட்டு. டோரீன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தாள், ஒரு கை ஊதல் கயிற்றில், நரைத்த முடி குதிரைவால் மாதிரி பின்னால் பறந்தது, அவளுக்குப் பின்னால் டிரைவர் ஃபிக்ரெத்தின் மீசை. அவள் கத்திக்கொண்டிருந்தாள். என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை, வாய் முழுக்கத் திறந்திருந்தது, பல் தெரிந்தது. என்னைச் சுற்றி ஆறு கேமராக்கள் படபடவென்று அடித்தன. என் விரல் இறங்கவில்லை. பதினெட்டுப் பெட்டி, பத்தொன்பது, கடைசிப் பெட்டியும் போனது. நான் எண்ணினேன், எண்ண மட்டும் செய்தேன்.

அவளை இப்படி நான் பார்த்ததே இல்லையா? இல்லை, இந்த முகத்துக்கு நேர் எதிரான முகத்தைப் பார்த்திருக்கிறேன். டான்காஸ்டர் எஞ்சின் கொட்டடி, ஒரு சனிக்கிழமை, எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்து. அப்பா டிரைவர். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார், ஒருவருக்குத்தான் மேலே இடம் என்றார். டோரீன் தானாகவே எஞ்சின் படியில் கால் வைத்துவிட்டாள். அப்பா அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்து, "பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேல, நீ வீட்டுக்குப் போ" என்று என்னைத் தூக்கி மேலே வைத்தார். அவள் அழவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள், எஞ்சின் நகர்கிற வரைக்கும். அப்பா உலைக்கதவைத் திறந்தார், உள்ளே அந்த வெள்ளைத் தீ, அந்தச் சத்தம், காலுக்குக் கீழே இரும்பு ஆடியது, நான் அலறினேன். நிறுத்தவே இல்லை. பத்து நிமிஷத்தில் சிக்னல் அறை ஒன்றில் இறக்கிவிட்டார், யாரிடமும் சொல்லாதே என்றார், ராத்திரி சாப்பாட்டில், "பையன் சிங்கம், கண்ணக்கூடச் சிமிட்டல" என்று சொன்னார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்… தூரத்திலிருந்து பார்த்தால் எஞ்சின் அழகாகத்தான் இருக்கிறது.

சரிவின் உச்சியில் சாலை குறுக்கிடுகிற இடத்தில் வண்டி நின்றது, தண்ணீர் பிடிக்க. எல்லாரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நானும் போனேன். டோரீன் பின்புறமாக, ஏணிப்படியில் இறங்குவதுபோல இறங்கினாள், மூக்கும் நெற்றியும் கரி. மால்கம் கைகொடுத்தார். "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"சூடு. பேய்ச் சூடு. ஒண்ணும் காதுல விழல. என்னையே கரி அள்ளிப் போட வெச்சான் அந்தக் கெழவன், மூணு மண்வெட்டி!"

ஃபிக்ரெத் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். வருஷாவருஷம் என்னை எஞ்சினில் ஏறக் கூப்பிடுகிறவன்தான், தூரத்திலிருந்து கையசைப்பான், நான் கேமராவைக் காட்டிவிடுவேன், தப்பித்துவிடுவேன். இப்போது பத்தடி தூரம்.

"தம்பி! இப்ப நீ! வா, வா, ஏறு!"

"போங்க கிளைவ், இத விட்டா எப்ப?" என்றார் ஒருவர். இன்னொருவர் என் முக்காலியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். உலைக்கதவு திறந்தே இருந்தது. அனல் இங்கிருந்தே முகத்தில் அடித்தது. ஏதோ ஒன்று சொல்ல வேண்டும், முழங்கால் வலி என்று, வெளிச்சம் போய்விடும் என்று, நான் முக்காலியை விடவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். இப்போது சொல்வாள். மூன்று கேள்விகளுக்கு மேல் நாலாவதாக ஒன்று சொல்லி என்னைத் தரையில் தேய்த்துவிடுவாள், கென்னுக்காகச் சொல்வாள், சொல்ல அவளுக்கு உரிமையும் இருக்கிறது.

"அவன விடுங்கப்பா" என்றாள் டோரீன். என்னைப் பார்க்கவில்லை, கைக்குட்டையில் எச்சில் தொட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு எறக்கத்துல ஒரு படம் எடுக்கணும். மேல ஏறிக்கிட்டா யாரு எடுப்பா? கெழவா, நீ கெளப்பு."

ஃபிக்ரெத் தோளைக் குலுக்கினான். உலைக்கதவு மூடியது. மற்றவர்கள் இறக்கத்துக்கு இடம் பிடிக்க ஓடினார்கள். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது, "கென்னப் பத்தி இன்னொரு தடவ வாயத் தொறந்த, அந்தக் கேமராவ ஆத்துல போட்டுருவேன்" என்றாள், மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு வேனை நோக்கி நடந்தாள். நான் அங்கேயே நின்றேன். அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அப்பா சொன்னாரா, அவர் சாகிறவரைக்கும் சிங்கம் என்றுதானே சொன்னார்… சிக்னல் அறையில் அப்பா என் கால்சட்டையைக் கழற்றி, அது நனைந்திருந்தது, சுருட்டித் தன் பைக்குள் திணித்தார், வீட்டுக்கு வந்து அழுக்குக் கூடையின் அடியில் போட்டார், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மா அந்த வருஷம் முழுக்க மிட்டாய் ஆலையில் இரவு வேலை, பகலில் தூங்குவாள். திங்கட்கிழமை துணி துவைக்கிறது… திங்கட்கிழமை எங்கள் வீட்டில் துணி துவைத்தது யார்?