அய்யனார் ஃபோல்டர்

ஆன்சிக்கு வாய் அதிகம் என்பது அருப்புக்கோட்டையில் அந்தத் தெருவுக்கே தெரியும். கை அந்த வாய்க்குக் குறைந்ததில்லை என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. சுந்தரபாண்டியின் விசைத்தறிக் கூடத்தில் ரோட்டைப் பார்த்த அறையைக் கம்ப்யூட்டருக்கு ஒதுக்க வைத்ததே அந்த வாய்தான். "கல்யாணப் பத்திரிகை அடிக்க இனி ஒருத்தரும் மதுரைக்குப் பஸ்ஸு ஏற மாட்டாக அண்ணாச்சி" என்றாள். சொன்னது போலவே பந்தல்குடியிலிருந்தும் வீரசோழனிலிருந்தும்கூட ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

தொண்ணூற்றொன்பது தை மாதம், முகூர்த்த நாட்கள் நெருக்கிக்கொண்டு வந்த நேரம் பார்த்து அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போன கரண்டு திரும்பி வந்ததும் தறிக்காரர்கள் எல்லாத் தறியையும் ஒரே சமயத்தில் ஓட்டிவிட்டார்கள். வோல்டேஜ் இறங்கி, பாதி வேலையில் மிஷின் அணைந்தது. மறுபடி போட்டால் விண்டோஸின் மேகப் படம் வரும், அதோடு நின்றுவிடும்.

மதுரையிலிருந்து மெக்கானிக் ஜோஸ்வா வந்து பார்த்தான். "விண்டோஸ் கெட்டுப் போச்சு அண்ணாச்சி. ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் முதல்லருந்து போட்டுருவோம். தமிழ் டைப் அடிக்கிற புரோகிராமோட பிளாப்பிய எடுங்க."

பெட்டியைத் திறந்தால், எல்லாப் பிளாப்பியிலும் சந்தனம், குங்குமம். சுந்தரபாண்டியின் மனைவி தங்கலட்சுமிக்குத் தலை தானாகக் குனிந்தது. போன ஆயுத பூஜைக்கு வைத்தது.

"மேல வச்சா கைபட்டு அழிஞ்சுரும்னு, ஓரத்துல மூடியிருக்குற அந்தத் தகட்டத் தள்ளிட்டு உள்ளுக்க வச்சேன்" என்றாள் மெல்ல.

விண்டோஸ் சிடிக்கும் பொட்டு வைத்திருந்தாள், அதைத் துணியால் துடைத்தால் போயிற்று. பிளாப்பிக்குள் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்தப் புரோகிராமை விற்ற கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.

சுந்தரபாண்டி மனைவியைத் திட்டவில்லை. வாசலைப் பார்த்தார். இடமில்லாமல் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருந்த புதுத் தறி அங்கே நின்றது. "கோவிச்சுக்காத ஆன்சி. தமிழே வராட்டி இங்க என்னத்தப் பத்திரிகை அடிக்கிறது? திங்கக்கிழம இந்த ரூம்ல தறிய எறக்கிருவோம்."

இந்த அறை போனால் ஆன்சிக்கென்று ஊரில் வேறு இடமில்லை. ஆனால் அதை முகத்தில் காட்டிவிட்டால் அவள் ஆன்சி இல்லையே.

"அண்ணாச்சி, தறியில பாவு நூலு தீந்துருச்சுன்னு வைங்க. புதுப் பாவு எப்படி ஏத்துவீக?"

"பழைய பாவு நுனியில புதுசப் பிணைச்சு இழுப்போம்."

"ஏன், பழச அறுத்துப் போட்டுட்டு முதல்லருந்து கோத்தா என்ன?"

"கிறுக்கா உனக்கு? ஒவ்வொரு இழையா அச்சுல கோத்து முடிக்க உசுரு போயிரும். கோத்தது கோத்தபடி இருக்கணும்ல?"

"ஃபார்மட்டுனா அறுக்குறது. நான் அறுக்க மாட்டேன். பழைய விண்டோஸ் மேலயே புதுசப் போட்டுப் பிணைக்கப் போறேன். தமிழு இருந்த எடத்துல இருக்கும்."

"மேல மேல போட்டா பழைய குப்பையும் இருக்கும், தங்கச்சி" என்றான் ஜோஸ்வா.

"இருக்கட்டும்ணே. குப்பையோட தமிழும் இருக்கும்ல?"

சுந்தரபாண்டிக்கு விண்டோஸ் புரியவில்லை, பாவு புரிந்தது. எழுந்து போய் எல்லாத் தறியையும் நிறுத்தச் சொல்லி, யாரும் தொடாதபடி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் தானே காவலுக்கு நின்றார்.

ஆன்சியின் கைப்பையில் ஒரு பிளாப்பி இருந்தது. விண்டோஸ் எழாதபோது மிஷினை எழுப்புவதற்கென்று அவளே தயார் செய்தது. பூஜை அன்று அவள் வீட்டில் இருந்ததால் சந்தனத்துக்குத் தப்பியது. அதைப் போட்டு மிஷினை எழுப்பினாள், சிடியை ஓடவிட்டாள். எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று திரை கேட்டது. கேட்டுவிட்டு, 'விண்டோஸ்' என்று அதுவே ஒரு பெயரையும் எழுதிக் காட்டியது.

"எண்டரத் தட்டு" என்றான் ஜோஸ்வா.

தட்டினால் கதை முடிந்தது. இந்த மிஷினில் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. மிஷின் வந்த அன்று இதே கேள்வி வந்தபோது, லாரியானாலும் தறியானாலும் முதலில் குலசாமி பேரை எழுதுகிற சுந்தரபாண்டி விடவில்லை. அய்யனார் பேரைப் போடச் சொன்னார். போட வந்தவன் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே போட்டுவிட்டுப் போனான். பழைய விண்டோஸும், அதோடு ஒட்டிக்கொண்ட தமிழும் அய்யனாருக்குள்தான் இருந்தன. இப்போது வேறு பெயரில் போட்டால் புதிய விண்டோஸுக்குத் தமிழ் இருப்பதே தெரியாது.

"நம்ம சாமி இங்க வேறண்ணே" என்று சிரித்தபடி, திரையில் இருந்த பெயரை அழித்துவிட்டு அய்யனாரைத் தட்டினாள். ஜோஸ்வா விஷயத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. திரையில் நீலக்கோடு ஊர்ந்தது. தங்கலட்சுமி போட்டு வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. மிஷின் ஒருமுறை தானே அணைந்து எழுந்தது. மேகப் படம் வந்தது, நின்றது, நகர்ந்தது. பழைய படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து உட்கார்ந்தன. ஆன்சி தமிழைத் திறந்து ஒரு எழுத்தைத் தட்டினாள்.

'அ' வந்தது.

காலையிலிருந்து அத்தனை பேச்சு பேசியவள் இன்னும் இரண்டு எழுத்தைத் தட்டிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. தங்கலட்சுமிதான் "வந்துருச்சுங்க!" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

சுந்தரபாண்டி மெயின் சுவிட்சை விட்டு நகராமலே வெளியே குரல் கொடுத்தார். "ஏலே, அந்தத் தறியப் பின்னால கொட்டகைக்குக் கொண்டு போங்கடா!"

ஆன்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக ஒரு தாளைப் பெரிய எழுத்தில் அடித்து எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆன்சியிடம் சொல்லாமல் தறியை ஓட்டக் கூடாது." தறிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளி அவர் அல்லவா?

அவர் பசை கேட்டு வாங்கி, மெயின் சுவிட்சுக்கு மேலே தானே அதை ஒட்டினார். தங்கலட்சுமி உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, ஆன்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தத் தாளுக்கு வைங்க மதினி" என்றாள் ஆன்சி. "அதுக்கு எம்புட்டு வேணும்னாலும் வைங்க."